சிந்தாம சாப்பிட்டா அது ஜோ இல்லை!



இந்த வாரம் ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். இன்னிக்கு சாயங்காலம் அம்மா அவசரமா வெளியே போகணும். அப்பா வர லேட் ஆகும். வீட்ல நாலு பேருக்குப் பசி. ஹோட்டலுக்குப் போன் போடக் கூடாது. நூடுல்ஸ் பாக்கெட் கணக்குல சேராது. ஒரு மணி நேரத்துல ஒரு முழு டின்னர் டேபிளுக்கு வரணும். நீங்க என்ன செய்வீங்க?

'ஆம்லெட் போடுவேன் பாஸ்'னு ஒரு குரல் கேக்குது. சரி, மத்த மூணு பேருக்கும் ஆம்லெட்டா? 'அக்காவைக் கூப்பிடுவேன்'னு இன்னொரு குரல். பலே!

சிரிக்காதீங்க, 23 வயசு வரைக்கும் என் கதையும் இதேதான். பி.இ. முடிச்சு, ஜி.ஆர்.இ. எழுதி, எம்.எஸ். படிக்க அமெரிக்காவுல அயோவா மாநிலத்துக்குப் போயாச்சு. கையில டிகிரி இருந்தது. ஆனா நாலு பேருக்கு ஒரு வேளை சாப்பாடு போடத் தெரியாதுங்கிற உண்மையை எனக்குப் புரிய வெச்சது ஒரு 9 வயசுப் பொண்ணு. அதுக்குக் காரணமா இருந்த ஐட்டம்தான் இந்த வார ஹீரோ... ஸ்லாப்பி ஜோ!

யாருப்பா இந்த ஜோ?

'ஸ்லாப்பி'ன்னா ஒழுங்கில்லாம, வழிஞ்சு, சிந்திக்கிட்டு இருக்கிறதுன்னு அர்த்தம். கொத்துக்கறியை வதக்கி, தக்காளி சாஸ்ல புளிப்பும் இனிப்புமா கொதிக்க வெச்சு, வட்ட பன்னுக்கு நடுவுல கரண்டியால அள்ளி வெச்சா அதுதான் ஸ்லாப்பி ஜோ. பர்கர் மாதிரி கறியைத் தட்டி வட்டமாக்குற வேலை இல்லை. அதனால கடிச்ச உடனே பின்பக்கம் வழியா பாதி தட்டுல விழும். விழணும். அதைச் சிப்ஸ்ல அள்ளிச் சாப்பிடுறதுதான் முறை.

இதை யார் கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டா அமெரிக்காவுல ஆளுக்கொரு கதை சொல்வாங்க. அயோவாக்காரங்க, 'எங்க ஊருதான்'னு காலரைத் தூக்குவாங்க. அதுல கொஞ்சம் நியாயமும் இருக்கு. அந்த மாநிலத்துல மஸ்கட்டீன்ங்கிற ஊர்ல 1926-ல ஃப்ரெட் ஏஞ்சல்ங்கிற கறிக்கடைக்காரர் 'மெய்ட்-ரைட்'னு ஒரு கடை போட்டார். உதிர் உதிரா வேக வெச்ச கறியை பன்னுல வெச்சுக் கொடுத்தார். சாஸ் கிடையாது. 'லூஸ் மீட்'னு அதுக்குப் பேரு. அதே மாநிலத்து சியூ சிட்டியில ஜோன்னு ஒரு சமையல்காரர் அதுல தக்காளி சாஸை ஊத்தினார், அவர் பேரே நின்னுடுச்சுங்கிறது ஊர்க் கதை. கியூபாவோட ஹவானாவுல 'ஸ்லாப்பி ஜோஸ்'னு ஒரு பார் இருந்தது, அமெரிக்காவுல மதுவிலக்கு இருந்த காலத்துல அங்கே போய்த் தாகம் தீர்த்தவங்கதான் பேரைக் கொண்டு வந்தாங்கன்னு இன்னொரு கட்சி. நியூஜெர்சி பக்கம் போய் ஸ்லாப்பி ஜோ கேட்டா, மூணு அடுக்கு ரொட்டியில கறித்துண்டும் முட்டைக்கோஸ் சாலட்டும் வெச்ச, சம்பந்தமே இல்லாத ஒரு சாண்ட்விச்சைக் கொண்டு வந்து வைப்பாங்க!

பேர்ல தகராறு இருந்தாலும் இது பரவின காரணத்துல தகராறு இல்லை. காசு. 1930-கள்ல அமெரிக்காவுல பெரிய பொருளாதார மந்தம். அது முடியறதுக்குள்ள உலகப் போர். 1943-ல இருந்து 1945 வரைக்கும் கறிக்கு ரேஷன். ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் கறியை வெச்சுக்கிட்டு அஞ்சாறு பேரை எப்படி எழுப்பறது? வெங்காயம் சேரு, குடமிளகாய் சேரு, சாஸ் ஊத்து, பன்னுக்குள்ள வை. கறி கொஞ்சம், வயிறு ஃபுல். நம்ம வீடுகள்ல கால் கிலோ கறியில உருளைக்கிழங்கைப் போட்டுக் குழம்பை நீட்டுற அதே டெக்னிக்தான்!

1969-ல 'மேன்விச்'னு இதுக்கான சாஸ் டின்னுலயே வந்தது. கறியை வதக்கு, டின்னைத் திற, கொட்டு. பள்ளிக்கூட கேன்டீன்கள்லயும் அடிக்கடி இதான். அதனால அங்கே எந்த வயசுக்காரங்ககிட்ட பேரைச் சொன்னாலும் முகத்துல ஒரு சிரிப்பு வரும். பெரிய ரெஸ்டாரன்ட் ஐட்டம் இல்லை. வீட்டு ஐட்டம். வாரநாள் ஐட்டம். முக்கியமா, வீட்ல பசங்க முதல் முதலா தனியா செய்யக் கத்துக்குற ஐட்டங்கள்ல ஒண்ணு.

இப்ப நம்ம கதைக்கு வருவோம்.

செவ்வாய்க்கிழமை டின்னர்

நான் தங்கியிருந்தது ஒரு வீட்டு மாடி ரூம்ல. கீழே ஒரு அம்மா, 15 வயசுப் பையன், 9 வயசுப் பொண்ணு. அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில வேலை. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஷிஃப்ட். 7 மணிக்கு உள்ளே போனா மறுநாள் காலையில 7 மணிக்குத்தான் வெளியே. பகல்ல தூங்கி, 5.30-க்கு எழுந்து, குளிச்சு, 6 மணிக்கு டேபிள்ல உக்காந்து பிள்ளைங்களோட சாப்பிட்டு, 6.30-க்குக் கிளம்பிடுவாங்க. அந்த அரை மணி நேரம்தான் அன்னிக்கு மூணு பேரும் ஒண்ணா இருக்கிற நேரம். அதனால செவ்வாய்க்கிழமை சமையல் பையனோட பொறுப்பு. அவனுக்குத் தெரிஞ்சது ரெண்டே ஐட்டம். அதுல ஒண்ணு ஸ்லாப்பி ஜோ.

ஜனவரி மாசம். வெளியே பனி. பையனுக்கு ஸ்கூல்ல மல்யுத்தப் போட்டிக்கு ப்ராக்டிஸ். அயோவாவுல மல்யுத்தம்னா நம்ம ஊர் கிரிக்கெட் மாதிரி, லீவு போட முடியாது. திங்கட்கிழமை ராத்திரி படியில நின்னு அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான், "நாளைக்கு ஒரு நாள் டின்னரை நீங்க பார்த்துக்க முடியுமா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "அட, இதெல்லாம் ஒரு மேட்டரா? நான் பார்த்துக்கறேன்!"னு நெஞ்சை நிமிர்த்தினேன். அவன் ஒரு பழைய அட்டையைக் கையில கொடுத்தான். போஸ்ட் கார்டு சைஸ். பாட்டி கையெழுத்து. ஓரத்துல எண்ணெய்க் கறை. அதுல எட்டு வரி இருந்தது. எட்டு வரிதானே!

செவ்வாய் சாயங்காலம் 5.10-க்குக் கிச்சனுக்குள்ள போனேன். பொண்ணு டேபிள்ல ஹோம்வொர்க் எழுதிக்கிட்டு இருந்தா. அட்டையில முதல் வரி, 'ஒரு பவுண்டு கொத்துக்கறியை வாணலியில் வதக்கவும்.' ஃப்ரிட்ஜைத் திறந்தேன். இல்லை. மேல ஃப்ரீஸரைத் திறந்தேன். இருந்தது. எடுத்தா... செங்கல்! தட்டினா டங் டங்னு சத்தம். சுத்தியல் எடுத்து அடிக்கலாம்னா மேல அந்த அம்மா தூங்கிக்கிட்டு இருக்காங்க.

பொண்ணு தலையைத் தூக்கிப் பார்த்தா. "நேத்து ராத்திரியே எடுத்துக் கீழே ஃப்ரிட்ஜ்ல வைக்கலையா?"

"அட்டையில அப்படி எழுதலையே..."

"இதுகூடத் தெரியாதா?"

ஃப்ரெண்ட்ஸ், அந்தக் கேள்வியை வைவா எக்ஸாமினர் கேட்டிருந்தாக்கூட அவ்வளவு வலிச்சிருக்காது.

அந்தச் செங்கல்லைத் திருப்பிப் பார்த்தப்ப இன்னொண்ணும் கண்ணுல பட்டது. அட்டையில இருந்தது மாட்டுக் கொத்துக்கறி. பாக்கெட் மேல இருந்தது வான்கோழின்னு. நான் வந்த புதுசுல ஒரு நாள் பேச்சுவாக்குல, 'எங்க வீட்ல பீஃப் பழக்கமில்லை'ன்னு சொல்லியிருந்தேன். அவ்வளவுதான். பொண்ணைக் கேட்டேன். "நீ வந்ததுல இருந்து அம்மா அதான் வாங்குறாங்க. நீ ஒரு நாள் எங்களோட சாப்பிட வருவேன்னு சொன்னாங்க"ன்னுட்டு மறுபடி ஹோம்வொர்க் எழுதப் போயிட்டா.

நாலு மாசமா நான் மாடியில தனியா பிரெட்டும் ஜாமும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். கீழே எனக்காக ஒரு வீட்டோட பழக்கமே மாறியிருந்தது எனக்குத் தெரியாது.

அதுக்கப்புறம் அந்த டின்னர் எனக்கு ஒரு உதவி மாதிரித் தெரியலை. 6 மணிக்கு அது டேபிள்ல இருந்தே ஆகணும். இல்லைன்னா அந்த அம்மா வெறும் வயித்தோட 12 மணி நேரம் நிக்கணும்.

முதல் சிக்கல்: செங்கல்லைக் கரைப்பது எப்படி?

பொண்ணுதான் வழி சொன்னா. அண்ணன் ஒரு தடவை மறந்தப்ப செஞ்சதை அவ பார்த்திருக்கா. இதை நீங்களும் குறிச்சு வெச்சுக்குங்க, ஹாஸ்டல் விட்டு ரூம் எடுத்துத் தங்கும்போது கண்டிப்பா ஒரு நாள் உதவும்.

அகலமான வாணலியில ரெண்டு ஸ்பூன் தண்ணி. உறைஞ்ச கறியை அப்படியே வெச்சு, மூடி போட்டு, மிதமான தீ. ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து, வெந்த மேல் பாகத்தைக் கரண்டியால சுரண்டி ஓரமாத் தள்ளி, கட்டியைத் திருப்பிப் போடணும். திரும்ப மூடி. தேங்காய் துருவுற மாதிரிதான். நேரம் வழக்கத்தைவிட ஒண்ணரை மடங்கு ஆகும். ஆனா வெந்துடும்.

வெளியே மேடையில வெச்சு மணிக்கணக்கா உருக விடுறது மட்டும் கூடாது. வெளிப்பக்கம் சூடாகி, உள்ளே ஐஸாவே இருக்கும். வெளிப்பக்கத்துல கிருமிங்க குடும்பம் நடத்த ஆரம்பிச்சிடும். கொத்துக்கறிக்கு இது இன்னும் முக்கியம். முழுத் துண்டா இருக்கிற கறியில கிருமி பெரும்பாலும் மேல் பரப்புல இருக்கும். அரைக்கும்போது அந்த மேல் பரப்பு உள்ளே முழுக்கக் கலந்துடுது. 1993-ல அமெரிக்காவோட மேற்கு மாநிலங்கள்ல சரியா வேகாத ஹாம்பர்கர் சாப்பிட்டு 700 பேருக்கு மேல பாதிக்கப்பட்டாங்க. நாலு குழந்தைங்க இறந்துபோனாங்க. அதனாலதான் அங்கே சமையல் தெர்மாமீட்டர் வெச்சுப் பார்க்கச் சொல்றாங்க. மாட்டு, ஆட்டுக் கொத்துக்கறின்னா 71 டிகிரி செல்சியஸ். கோழி, வான்கோழின்னா 74. கலரை நம்பாதீங்க, அது ஏமாத்தும். தெர்மாமீட்டர் இல்லாட்டி சிவப்பு கொஞ்சமும் இல்லாம, சாறு தெளிவா வர்ற வரைக்கும் வேக வெச்சு, அதுக்கு மேல சாஸோட பத்து நிமிஷமாவது கொதிக்க விடுங்க.

5.35-க்குச் செங்கல் கறியாச்சு. பொண்ணு ஹோம்வொர்க்கை மூடிட்டு ஸ்டூல் போட்டு ஏறி நின்னுட்டா, சூப்பர்வைசர் மாதிரி.

ரெண்டாவது சிக்கல்: திண்டுக்கல் குண்டு

பக்கத்து அடுப்புல வெங்காயம், குடமிளகாய், பூண்டு வதங்கியாச்சு. கறியோட சேர்த்தாச்சு. கெட்சப், தண்ணி, பழுப்புச் சர்க்கரை, கடுகு சாஸ் எல்லாம் ஊத்தியாச்சு. அப்புறம் வொர்செஸ்டர்ஷயர் சாஸ். அந்தப் பேரை நான் அஞ்சு சிலபிளா உடைச்சுப் படிச்சதைக் கேட்டுப் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா. 'வூஸ்டர்'னு சொன்னாப் போதுமாம். இங்கிலாந்துல 1837-ல விற்பனைக்கு வந்த சாஸ் அது. பாட்டில் லேபிளைப் படிச்சுப் பாருங்க... உள்ளே நம்ம புளி! நெத்திலி மாதிரி மீனும் உண்டு. சைவக்காரங்க லேபிளைப் பார்த்து வாங்குங்க.

கடைசி வரி, 'சில்லி பவுடர், ஒரு டேபிள் ஸ்பூன்.' ஷெல்ஃப்ல அந்த டப்பா காலி. என் மூளையில பல்ப் எரிஞ்சது. ஓடிப் போய் மாடியில இருந்து அம்மா திண்டுக்கல்ல இருந்து கொடுத்தனுப்பின மிளகாய்த்தூளை எடுத்துட்டு வந்தேன். ஒரு டேபிள் ஸ்பூன். கோபுரமா. போட்டேன். கலக்கினேன். ருசி பார்த்தேன்.

அப்பவே தெரிஞ்சுபோச்சு, சோலி முடிஞ்சதுன்னு.

மேட்டர் என்னன்னா, அமெரிக்காவுல 'சில்லி பவுடர்'னு விக்கிறது வெறும் மிளகாய் இல்லை. காரம் கம்மியான மிளகாயோட சீரகம், பூண்டுப் பொடி, ஆரிகனோ எல்லாம் கலந்த ஒரு மசாலா. நம்மது சுத்தமான மிளகாய், வெயில்ல காய வெச்சு மில்லுல அரைச்சது. பேரு ஒண்ணு, ஆளு வேற. வெளிநாட்டு ரெசிப்பியில சில்லி பவுடர்னு பார்த்தா நம்ம தூள் கால் டீஸ்பூன், சீரகத்தூள் அரை டீஸ்பூன்... இதான் கணக்கு. இதை நான் தெரிஞ்சுக்கக் கொடுத்த விலை பெருசு.

மணி 5.50. பையன் ப்ராக்டிஸ் முடிஞ்சு, காதெல்லாம் சிவந்து உள்ளே வந்தான். ஒரு ஸ்பூன் எடுத்து வாயில வெச்சான். ஒண்ணும் பேசலை. நேரா ஃப்ரிட்ஜுக்குப் போய்ப் பால் பாட்டிலை எடுத்து அப்படியே குடிச்சான். (அதுவும் கரெக்ட்தான். காரத்துக்குத் தண்ணி குடிச்சா எரிச்சல் பரவும். பால்ல இருக்கிற கேசின்ங்கிற புரதம் காரச் சத்தைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடும்.)

அப்புறம் வாயைத் துடைச்சுட்டுச் சொன்னான், "ஒண்ணும் ஆகலை. இன்னும் நிறைய செஞ்சுடலாம்."

இந்த வசனத்தை நோட் பண்ணிக்குங்க ஃப்ரெண்ட்ஸ். காரமோ உப்போ அதிகமானா அதை வெளியே எடுக்க முடியாது. மத்ததை அதிகமாக்கலாம். டின்னுல வேக வெச்ச பீன்ஸ் இருந்தது. தண்ணியில அலசி, பாதியை மசிச்சு, பாதியை முழுசா போட்டோம். இன்னொரு அரை கப் கெட்சப். ஒரு கேரட் துருவினது. ஒரு ஸ்பூன் சர்க்கரை. பொண்ணு பன்னுக்கு வெண்ணெய் தடவினா. பையன் அதைத் தோசைக்கல் மாதிரி ஒண்ணுல சிவக்க வாட்டினான். நான் கிண்டினேன். நாலு பேருக்குன்னு ஆரம்பிச்சது எட்டுப் பேருக்கு ஆயிடுச்சு!

6.10. அந்த அம்மா யூனிஃபார்ம்ல இறங்கி வந்தாங்க. பத்து நிமிஷம் லேட். டேபிள்ல நாலு தட்டு இருந்ததைப் பார்த்தாங்க, மூணு இல்லை. அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. உக்காந்து, முதல் கடி கடிச்சு, கண்ணுல தண்ணியோட, "இது நல்லா இருக்கே!"ன்னு ரெண்டாவதை எடுத்தாங்க. கண்ணீருக்குக் காரணம் திண்டுக்கல்தான்னு இன்னிக்கும் நம்பறேன். மிச்சத்தை ஒரு டப்பாவுல போட்டு, பன்னைத் தனியா சுத்திக் கொடுத்தோம், ராத்திரி ஷிஃப்ட்ல சாப்பிட. 6.30-க்குக் கார் கிளம்பிடுச்சு.

பாத்திரம் கழுவிட்டு அட்டையைத் திருப்பி வைக்கப் போனா, அதுல ரெண்டு வரி புதுசா இருந்தது. மேல பையன் கையெழுத்துல, 'முந்தின ராத்திரியே கறியை எடுத்துக் கீழே வை.' அடியில கலர் பென்சில்ல கோணல் மாணலா, 'அவன் பவுடர் வேண்டவே வேண்டாம்!'

நீங்க செய்யணுமா? இதோ

கொத்துக்கறி 450 கிராம் (மட்டன், சிக்கன், எது வீட்ல பழக்கமோ அது). பெரிய வெங்காயம் 1, குடமிளகாய் 1, ரெண்டையும் பொடியா நறுக்கிக்குங்க. பூண்டு 3 பல். கெட்சப் முக்கால் கப். தண்ணி அரை கப். நாட்டுச் சர்க்கரை 1 டேபிள் ஸ்பூன். கடுகு சாஸ் 1 டீஸ்பூன். வூஸ்டர் சாஸ் 1 டேபிள் ஸ்பூன். (கிடைக்கலைன்னா கொஞ்சம் சோயா சாஸ், அரை ஸ்பூன் புளிக்கரைசல்.) மிளகாய்த்தூள் கால் டீஸ்பூன், சீரகத்தூள் அரை டீஸ்பூன், உப்பு, மிளகு. இனிப்பு இல்லாத வட்ட பன் 5 அல்லது 6.

வாணலியை நல்லா சூடாக்கி, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுக் கறியைப் பரப்புங்க. முதல் மூணு நிமிஷம் கிண்டாதீங்க! அடி சிவந்தாத்தான் வாசனை. சும்மா கிண்டிக்கிட்டே இருந்தா கறி தண்ணி விட்டு அவிஞ்சு போகும், சிவக்காது. அப்புறம் உதிர்த்து விட்டு முழுசா வேக வைங்க. கொழுப்பு நிறைய மிதந்தா ஒரு கிண்ணத்துல வடிச்சு, ஆறின பிறகு குப்பையில போடுங்க. சிங்க்ல ஊத்தினா உள்ளே போய் உறைஞ்சு குழாய் அடைச்சுக்கும், வீட்டு ஓனர் உங்களைத் தேடி வருவார்.

வெங்காயம், குடமிளகாய் போட்டு அஞ்சு நிமிஷம், பூண்டு போட்டு ஒரு நிமிஷம் வதக்குங்க. மத்ததை எல்லாம் ஊத்தித் தீயைக் குறைச்சுடுங்க. சர்க்கரை இருக்கிறதால பெரிய தீ வெச்சா அடி பிடிக்கும். பத்துல இருந்து பதினஞ்சு நிமிஷம் கொதிக்கட்டும். பதம் பார்க்கிறது எப்படி? கரண்டியால வாணலி அடியில ஒரு கோடு இழுங்க. கோடு ஒரு செகண்ட் நின்னு, அப்புறம் மெதுவா மூடினா ரெடி. உடனே மூடினா இன்னும் தண்ணி. மூடவே இல்லைன்னா வறண்டுபோச்சு, கொஞ்சம் தண்ணி தெளிங்க.

பன்னை உள்பக்கம் வெண்ணெய் தடவி வாட்டாம விடாதீங்க. வாட்டினாத்தான் சாஸ்ல ஊறிக் கரையாம தாங்கும். சைவமா? முழு மைசூர்ப் பருப்பை உதிரா வேக வெச்சு, இல்லைன்னா மீல் மேக்கரை ஊற வெச்சுப் பிழிஞ்சு உதிர்த்து, இதே மாதிரி செய்யலாம். அங்கேயே பருப்பு ஜோ செய்றவங்க நிறையப் பேர். மிச்சம் இருந்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குப் போயிடணும். மூணு நாள் தாங்கும்.

அட்டையில இல்லாத வரி

கதை அங்கே முடியலை. அந்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போன் பண்ணினப்ப கேட்டேன், "அம்மா, நீ வைப்பியே கொத்துக்கறி, அது எப்படிம்மா?"

"அது என்னடா பெரிய வித்தை? வெங்காயம் தக்காளி வதக்கி, கறியைப் போட்டு, தேங்காய் அரைச்சு ஊத்திச் சுருள வதக்கணும்."

"எவ்வளவு தேங்காய்?"

"வேணுங்கிற அளவு."

"எவ்வளவு நேரம்?"

"வாசனை வரும்ல, அப்ப இறக்கு."

எழுதி வெச்சேன். செஞ்சேன். ரெண்டு தடவை. கறி வெந்தது, ஆனா அது அம்மா வைக்கிற கறியா இல்லை. எங்கே தப்புன்னு புரியலை.

லீவுல ஊருக்கு வந்தப்ப ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு அம்மா பக்கத்துல போய் நின்னேன். 24 வயசுல, வாழ்க்கையிலயே முதல் தடவையா, அம்மா சமைக்கிறதை ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் நின்னு பார்த்தேன். எல்லாம் போன்ல சொன்ன மாதிரியேதான் நடந்தது. கடைசியில இறக்குறப்ப, ஒரு சின்ன டப்பாவைத் திறந்து, வறுத்த சோம்பு ஒரு சிட்டிகை எடுத்து, ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வெச்சு நறநறன்னு கசக்கி, மேலே தூவி மூடினாங்க. அந்த வாசனை! அதான்! அதேதான்!

"இதை ஏம்மா போன்ல சொல்லலை?"

அம்மா என்னை ஆச்சரியமா பார்த்தாங்க. "இதுகூடத் தெரியாதாடா?"

எனக்கு அயோவா கிச்சன்ல ஸ்டூல் மேல நின்ன அந்தப் பொண்ணு ஞாபகம் வந்துட்டா. பாட்டி அட்டையில 'ராத்திரியே கறியை எடுத்து வை'ன்னு ஏன் எழுதலை? அவங்களுக்கு அது எழுத வேண்டிய விஷயமே இல்லை. நம்ம அம்மாக்களும் அப்படித்தான். மறைச்சு வைக்கிறதில்லை. அவங்க கைக்குத் தெரிஞ்சது அவங்க வாய்க்கு வர்றதில்லை. பக்கத்துல நின்னு பார்க்கிறவங்களுக்கு மட்டும்தான் அது கிடைக்கும்.

அதனால இந்த வார ஹோம்வொர்க். ஒண்ணு: இந்த வாரத்துல ஒரு சாயங்காலம் கிச்சனை நீங்க எடுத்துக்குங்க. ஜோவோ, வேற எதுவோ. வீட்ல எல்லாரும் உக்காந்து சாப்பிடணும், அம்மாவும் சேர்த்து. ரெண்டு: வீட்ல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு ஐட்டம் எதுன்னு யோசிச்சு, அதை அம்மாவோ அப்பாவோ பாட்டியோ செய்யும்போது ஒரு அட்டையோட பக்கத்துல நில்லுங்க. அவங்க சொல்றதை விடுங்க, செய்றதை எழுதுங்க. அடுத்த வருஷம் நீங்க பெங்களூருலயோ பாஸ்டன்லயோ ஒரு ரூம்ல தனியா நிக்கும்போது அந்த அட்டை பேசும்.

கறியை ராத்திரியே எடுத்து வெச்சுட்டீங்கதானே?

அடுத்த வாரம் சந்திப்போம்!